எலும்புக்குப் புத்தூர், வியாதிக்கு வேலூர், வேலைக்கு?

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பழைய கணக்கு உண்டு. எலும்பு முறிந்தால் புத்தூர். பெரிய வியாதி என்றால் வேலூர். இரண்டு இடத்திலும் கையை விரித்துவிட்டால் திருப்பதி. நகரியில் பிறந்தவனுக்கு இந்த மூன்றுமே பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரம்தான். அதனால் உடம்புக்கு ஒன்று என்றால் எங்கே போக வேண்டும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கிடையாது. கட்டுப் பிரித்து, தையல் பிரித்து, மொட்டையும் போட்டு முடித்த பிறகும், உடம்போ மூளையோ மற்றவர்களுக்குப் போல ஓடாது என்று ஆகிவிட்ட ஒருவர் மறுநாள் காலையில் எங்கே போவார்? என்ன வேலை செய்வார்? யார் சம்பளம் கொடுப்பார்கள்?

இங்கே நியூ ஜெர்சியில் நம் குடும்பங்கள் சிலவற்றில் இந்தக் கேள்வி வாசலிலேயே வந்து நிற்கிறது. 1990களின் கடைசியிலும் 2000களிலும் ஹெச்1பி விசாவில் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். அவர்களில் ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், செரிப்ரல் பால்சி உள்ள பிள்ளைகளும் உண்டு. பள்ளிக்கூடம் இருக்கிறவரை பெரிய கவலை இல்லை. 1975ல் வந்த சட்டத்தின் புண்ணியத்தில் மஞ்சள் பஸ் வீட்டு வாசலுக்கே வந்து கூட்டிப்போகும். பெரும்பாலான மாநிலங்களில் 21 வயது முடிந்தால் அந்த பஸ் நின்றுவிடும். அதற்குப் பிறகு? பிறந்தநாள் விழாக்களில் மற்றவர்கள் காலேஜ் அட்மிஷன் பற்றிப் பேசும்போது, அந்த அப்பா அம்மாக்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

அவர்களோடு பேசும்போதெல்லாம் "சப்போர்டட் எம்ப்ளாய்மென்ட்" என்ற சொல் அடிபடும். துணையோடு கூடிய வேலை என்று வைத்துக்கொள்வோம். தனியாக ஒரு ஷெட் கட்டி அதில் உட்கார வைக்காமல், எல்லோரும் வேலை பார்க்கிற கடையிலோ ஆபீசிலோ ஆஸ்பத்திரியிலோ சேர்த்து, சம்பளமும் கொடுத்து, வேலை பழக ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்துவது. அந்த ஆளுக்கு ஜாப் கோச் என்று பெயர். இது ஏதோ அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெயர் அவர்கள் வைத்ததுதான். ஆனால் இதில் பாதி, எங்கள் ஊரிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில், அந்தப் பெயர் பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே நடந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஊர்

நகரி தெரியாதவர்களுக்காக: சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில் திருத்தணியைத் தாண்டினால் எங்கள் ஊர். வேலூரும் சித்தூரும் ஒரு காலத்தில் ஒரே வட ஆற்காடு ஜில்லா. அதற்குத் தலைநகரே சித்தூர்தான். 1911ல் சித்தூர் தனி ஜில்லா ஆயிற்று. 1953ல் ஆந்திரா பிரிந்தபோது ஜில்லா அந்தப் பக்கம் போனது. 1960 ஏப்ரலில் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, நகரி ஆந்திராவிலேயே தங்கிவிட்டது. 2022ல் மாவட்டத்தை மறுபடியும் பிரித்துத் திருப்பதியைத் தனியாக்கினார்கள். நாங்கள் சித்தூரோடு நின்றுகொண்டோம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தெருவில் தறிச் சத்தம்.

கோட்டை எங்கே போட்டாலும் நோயாளிக்கு அது தெரியாது. எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, வேலூர் சி.எம்.சி. எல்லோருக்கும் பொது ஆஸ்பத்திரி. அதனால் வேலூரில் நடந்தது எங்கள் பக்கத்துக் கதையும்தான்.

நிமிர்ந்த கையும் நின்றுபோன பிழைப்பும்

வட ஆற்காட்டிலும் சித்தூரிலும் தொழுநோய் ரொம்பவே இருந்த காலம் அது. கோயில் வாசலில் விரல் மடங்கிய கைகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை என் அப்பா தலைமுறைக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். 1898ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அவர்களைப் பிடித்து அடைத்து வைக்கவும், சில வேலைகள் செய்யக்கூடாது என்று தடுக்கவும் இடம் கொடுத்தது.

1946ல் பால் பிராண்ட் என்ற இளம் சர்ஜன் வேலூருக்கு வந்தார். மிஷனரிக் குடும்பம்; 1914ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் டாக்டருக்குப் படிப்பதற்கு முன்னால் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். இது பின்னால் உதவப் போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டுத் தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனபோது, மடங்கிப்போன ஒரு கையைப் பிடித்து அழுத்திப் பார்க்கச் சொன்னார். அந்தக் கை அவர் கையை நசுக்குகிற மாதிரி பிடித்தது. விரல் நிமிராவிட்டாலும் முன்கைத் தசை சாகவில்லை என்று அங்கேதான் பொறி தட்டியது. வேலை செய்கிற தசையின் நாணை எடுத்து, செத்துப்போன தசையின் இடத்தில் பொருத்தினால் விரல் நிமிரும். 1940களின் கடைசியில் வேலூரில் அப்படி அறுவை சிகிச்சைகள் தொடங்கின. வருஷக்கணக்காக மடங்கிக் கிடந்த கைகள் திறந்தன.

சுபம் போட வேண்டிய இடம் இது. ஆனால் கைகள் நேரான சிலர் திரும்பி வந்து, இந்தக் கையால் பிழைக்க முடியவில்லை என்றார்கள். மடங்கிய கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள் நேரான கைக்குப் போடவில்லை. வேலை கேட்டுப் போனால், பழைய வியாதி முகத்திலும் காலிலும் தெரிகிறது, யாரும் சேர்க்கவில்லை. குடியிருக்க இடமும் கிடைக்கவில்லை. வைத்தியம் வெற்றி, வயிறு காலி. பிராண்டே இதைப் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் அவருக்கு ஒன்று புரிந்தது. கையைச் சரி செய்தது பாதி வேலை. அந்தக் கைக்கு ஒரு பிழைப்பு கிடைத்தால்தான் வைத்தியம் முடியும்.

நவ ஜீவ நிலையம்

1950களின் தொடக்கத்தில் சி.எம்.சி. வளாகத்தில் சில குடிசைகள் போட்டு நவ ஜீவ நிலையம் என்று பெயர் வைத்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் அங்கேயே தங்கித் தொழில் கற்றார்கள். முக்கியமாகத் தச்சு வேலை, மரப் பொம்மைகள். வாத்தியார் யார் என்கிறீர்கள்? பழைய தச்சு வேலைக்காரரான டாக்டரேதான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, அங்கே வேலையைக் கவனித்த விதம். தொழுநோய் வந்த கைக்கு வலி தெரியாது. சுத்தியலின் சொரசொரப்பான பிடி தோலைக் கிழித்தாலும் தெரியாது, சூடான பாத்திரம் சுட்டாலும் தெரியாது. அதனால் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். எந்தக் கருவி, எந்த இடத்தில், எப்படிப் பட்டது? கண்டுபிடித்ததும் கருவியை மாற்றினார்கள். பிடியைத் தடிமனாக்கி வழவழப்பாக்கினார்கள். சில விரல்களில் மட்டும் ராத்திரியில் காயம் வந்தது, காரணமே தெரியவில்லை. விழித்திருந்து பார்த்தபோது எலி! வலி தெரியாததால் தூங்குகிறவர் கையை இழுப்பதில்லை. அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு பூனை வளர்க்கச் சொன்னார்களாம்.

சிரிப்பு வருகிறது, ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு ஆளால் ஒரு வேலையைச் செய்ய முடியவில்லை என்றால், ஆளைத் திட்டாமல், வேலையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, எது இடிக்கிறதோ அதை மாற்றுவது. இன்று ஜாப் கோச்சுக்குப் படிக்கிறவர்களுக்கு முதல் பாடம் இதுதான்.

இன்னொரு உதாரணம் அதே ஆஸ்பத்திரியில். மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் 1954 ஜனவரியில் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டார். சர்ஜன் ஆக வேண்டும் என்று இருந்தவர். எத்தனையோ அறுவை சிகிச்சைகளுக்கு நின்றே ஆக வேண்டும். ஆனால் கையில் செய்யும் சிகிச்சையை உட்கார்ந்தும் செய்யலாம் என்று பிராண்ட் ஊக்கம் கொடுக்க, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சரி செய்யத் தொடங்கினார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வேலூருக்கே திரும்பி அந்தத் துறையை நடத்தினார். 1966ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972ல் பத்மஸ்ரீ. டாக்டருக்கும் தச்சருக்கும் விதி ஒன்றேதான்: ஆளுக்கு ஏற்ற மாதிரி வேலையைத் திருப்பிப் போடு.

காட்பாடிப் பட்டறை

அடுத்த கட்டம் ரயில்வே ஜங்ஷன் ஊரான காட்பாடியில். 1963ல் ஸ்வீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம், தொழுநோய் குணமானவர்களுக்காக அங்கே ஒரு தொழிற்பட்டறையைத் தொடங்கியது. பின்னால் அது இந்தியர்கள் நடத்தும் வொர்த் டிரஸ்ட் ஆக மாறியது. போலியோ வந்தவர்கள், காது கேளாதவர்கள் என்று மற்றவர்களும் சேர்ந்தார்கள். பொம்மையும் கூடையும் செய்து இரக்கத்தில் விற்காமல், கம்பெனிகளுக்கு எஞ்சினியரிங் பாகங்கள் செய்து கொடுத்தார்கள். லேத்தில் கடைந்த பாகம் அளவு தப்பினால், கடைந்தது யார் என்று எந்தக் கம்பெனியும் கேட்காது, திருப்பி அனுப்பிவிடும். அந்தச் சந்தையில் நின்றார்கள் என்பதுதான் பெருமை.

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் பிரெய்லர், அதாவது பிரெய்ல் டைப்ரைட்டர், பாஸ்டன் பக்கத்துப் பெர்க்கின்ஸ் பள்ளியில் 1951ல் வெளிவந்தது. அந்தப் பெர்க்கின்ஸ் பிரெய்லரைப் பிற்காலத்தில் காட்பாடியில் செய்தார்கள். இதில் ஒரு வேடிக்கையான சம்பந்தம் இருக்கிறது. அதற்கு அமெரிக்கச் சரித்திரத்துக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

அமெரிக்காவில் நடந்தது

இதே பெர்க்கின்ஸ்தான் 1840 வாக்கில், படித்து முடித்தும் வேலை கிடைக்காத பார்வையற்றவர்களுக்காகத் தனிப் பட்டறை ஒன்றைத் தொடங்கியது. "ஷெல்டர்ட் வொர்க்ஷாப்" என்ற தனிப் பட்டறை முறைக்கு அமெரிக்காவில் அதுவே முன்னோடி. நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். ஆனால் நாளாக ஆக, தனி இடம் என்பது நிரந்தர இடமாகிவிட்டது. 1938ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது, 14(சி) என்ற பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் அதைவிடக் குறைவாகக் கொடுக்கலாம் என்றது. மணிக்குச் சில சென்ட் வாங்கியவர்கள் உண்டு. முதலில் பயிற்சி, தயாரானதும் வெளியே வேலை என்பார்கள். தயாராகிவிட்டார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வருஷக்கணக்காகப் பயிற்சியிலேயே இருப்பார்கள்.

1970களின் தொடக்கத்தில் மார்க் கோல்ட் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு சைக்கிள் பிரேக்கை எடுத்துக்கொண்டார். 15 பாகங்கள். இவர்களால் முடியாது என்று ஒதுக்கப்பட்டிருந்த, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அதைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். பேச்சைக் குறைத்து, பாகங்களை வரிசையாக அடுக்கி, எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று வண்ணம் அடித்து வைத்தார். பூட்டினார்கள். இன்னொரு வழியில் முயன்று பார் என்பதே அவர் முறைக்குப் பெயராகிவிட்டது. அவர் செய்ததற்கும் வேலூரில் சுத்தியலின் பிடியை மாற்றியதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

1980களில் விர்ஜீனியாவில் பால் வேமன் போன்றவர்கள் வரிசையையே தலைகீழாக்கினார்கள். பயிற்சி கொடுத்துவிட்டு வேலை தேடாதே. முதலில் வேலையில் அமர்த்து, பயிற்சியை அங்கேயே கொடு. பஸ்ஸில் போவது, கார்டு பஞ்ச் செய்வது, மேனேஜருக்குப் பதில் சொல்வது எல்லாம் நிஜமான இடத்தில்தானே பழக முடியும்? 1984ல் "சப்போர்டட் எம்ப்ளாய்மென்ட்" என்ற சொல் மத்திய அரசுச் சட்டத்தில் ஏறியது, 1986ல் அதற்கென்று நிதியும் வந்தது. சம்பளம் உள்ள வேலை, எல்லோரும் இருக்கிற இடம், தேவைப்படும் வரை துணை: இந்த மூன்றும்தான் அதன் இலக்கணம். 2002ல் வெர்மான்ட் மாநிலம் தன் கடைசித் தனிப் பட்டறையை மூடியது. 2015ல் நியூ ஹாம்ப்ஷயர் குறைந்த கூலியைத் தடை செய்தது, பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மத்திய அரசுச் சட்டத்தில் 14(சி) இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆகவே இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம்.

நகரியில் ஒரு தார் ராட்டை

இப்போது மறுபடி ஊர். எங்கள் பெரியம்மா வீட்டில் ஒரு அண்ணன். பேச்சு சரியாக வராது, எண்ணத் தெரியாது, பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்போடு சரி. வீட்டில் நாலு விசைத்தறி. அண்ணன்தான் தார் சுற்றுவான். காலித் தார் இடது பக்கக் கூடையில், சுற்றிய தார் வலது பக்கக் கூடையில். நூல் கலர் மாறினால் பெரியம்மா கூடையின் கைப்பிடியில் அந்தக் கலர் நூலைக் கட்டி வைப்பாள். எண்ணத் தெரியாதவனுக்குக் கூடை நிறைவதுதான் கணக்கு. மார்க் கோல்ட் பெயரைப் பெரியம்மா கேள்விப்பட்டதே இல்லை.

நகரி, புத்தூர்ப் பக்கம் தறி வீடுகளில் இப்படி ஒருவர் இருப்பது அதிசயமில்லை. வீடும் பட்டறையும் ஒன்றாக இருந்த காலத்தில் இவர்களுக்கும் ஒரு மூலையும் ஒரு வேலையும் இருந்தது. அதனால் "நம்ம ஊர்ல எல்லாம் அன்பாப் பாத்துப்பாங்க" என்று இங்கே நண்பர்கள் சொல்லும்போது அது பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் பெரியம்மா போனதும் என்ன ஆயிற்று தெரியுமா? கூடையில் நூல் கட்ட ஆள் இல்லை. அண்ணன் கலரைக் கலந்து சுற்றினான், தறிக்காரர்கள் கத்தினார்கள், ஒரு மாதத்தில் ராட்டையிலிருந்து எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டான். இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தவனுக்குத் தன் பெயரில் ஒரு ரூபாய் கூலி கிடையாது, ஒரு பேங்க் கணக்கு கிடையாது. வேலை அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. துணை முழுக்க ஒரே ஒரு மனுஷியின் தலைக்குள் இருந்தது. அவளோடு அது போய்விட்டது.

துணை என்பது பாசமாக மட்டும் இருந்தால் அது அம்மாவின் ஆயுள் வரைதான். அதுவே ஒருவருடைய சம்பள வேலையாக, எழுதி வைத்த முறையாக இருந்தால் ஆள் மாறினாலும் தொடரும். 1984 சட்டத்தில் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த மறுபாதியைத்தான்.

இனி வரும் காலம்

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகள் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்ட் ஆஸ்பத்திரி, போலியோவால் கால் சூம்பிய எத்தனையோ பிள்ளைகளை நிமிர்த்தி நடக்க வைத்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டு வகைப் போலியோ யாருக்கும் வரவில்லை. தொழுநோய்க்கு 1980களில் கூட்டு மருந்து வந்தது, நோய் வெகுவாகக் குறைந்தது. 1898 சட்டத்தை மட்டும் 2016ல்தான் ரத்து செய்தார்கள்!

இன்று வேலைக்காகக் காத்திருப்பவர்களில் ஆட்டிசமும் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் மனநோயும் உள்ளவர்கள் ஏராளம். அங்கே கத்தி வைத்து நிமிர்த்த ஒன்றுமில்லை, வேலையைத்தான் வளைக்க வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3 சதவீத ஒதுக்கீடு பார்வை, செவி, கை கால் என்பதோடு நின்றது. 2016 சட்டம் அதை 4 சதவீதமாக்கி, அதில் 1 சதவீதத்தில் இவர்களையும் சேர்த்தது. ஆனால் அது அரசு வேலைக்குத்தான். தனியாரில் யாராவது முன்வர வேண்டும். 1999ல் பெங்களூரில் சாந்தி ராகவனும் தீபேஷ் சுதாரியாவும் தொடங்கிய எனேபிள் இந்தியா அப்படி ஒன்று. சாந்தியின் தம்பிக்குப் பார்வை போனதுதான் அதற்கு ஆரம்பம். லெமன் ட்ரீ ஹோட்டல்காரர்கள் 2007 முதல் காது கேளாதவர்களையும் பின்னர் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களையும் வேலைக்கு எடுத்து வருகிறார்கள். பெரிய நகரங்களில் சரி. நகரி மாதிரி ஊரில் ஜாப் கோச் என்று ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நம்மால் என்ன ஆகும் என்றுதானே கேட்கிறீர்கள்? நாம் எல்லோரும் பிள்ளைகள் பிறந்தநாளுக்கும் அப்பா திதிக்கும் ஊரில் உள்ள இல்லங்களுக்குச் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்புகிறோம். நல்ல விஷயம், நிறுத்த வேண்டாம். அடுத்த முறை பணம் அனுப்பும்போது கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களிடம் பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேர் வெளியே வேலைக்குப் போகிறார்கள்? அவர்கள் பக்கத்தில் நிற்க ஒரு ஆளைப் போட்டால் அவருக்கு மாசச் சம்பளம் எவ்வளவு ஆகும்?" நாலு குடும்பம் சேர்ந்தால் சின்ன ஊரில் ஒரு கோச்சின் சம்பளத்தைக் கொடுத்துவிடலாம். ஊரில் மில்லோ கடையோ வைத்திருக்கிற சொந்தக்காரர்கள் இருந்தால், ஒரே ஒரு ஆளைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், முழுக் கூலியில்.

இங்கே பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 21 வரை காத்திருக்காதீர்கள். பள்ளியில் 14, 15 வயதிலேயே வேலைக்கான திட்டம் பற்றிப் பேச்சை எடுங்கள். அதோடு, உங்கள் பிள்ளைக்காக நீங்கள் தினமும் தன்னையறியாமல் செய்கிற சின்னச் சின்ன உபாயங்களை, எந்தக் கலர், எந்தப் பக்கம், எந்த வார்த்தை சொன்னால் புரியும் என்பதை, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்குப் பக்கத்தில் வந்து நிற்கப் போகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.